இருட்டறைக் கதவுக்கு வெளியே உட்காருகிறவர்களுக்கு

என் வழியனுப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வாய் வராது. ஆய்வக உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் பின்வரிசையில் இருந்து, இவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகங்கள் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

குடுவை கழுவுவதையும் பூட்டு சாவியையும் பற்றி எழுதப்போவதில்லை. அதெல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். நாகமலைப் பக்கம் உள்ள நம் ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத வேலை ஒன்று இருக்கிறது. இருட்டறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இருட்டறை எதற்கு என்று உங்களில் சிலருக்கு இன்னும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உள்ளே பாட்டில்களில் தண்ணீர் போல இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கூடுகள் அதில் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. பாலிமரில் செய்த கூடுகள். நானோ காப்சூல் என்பார்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மருந்தை அடைத்து வைத்திருப்பார்கள். நீல விளக்கைப் போட்டால் கூட்டின் சுவர் நெகிழும். வெளியில் இருக்கும் பொருள் உள்ளே போய் அந்த மருந்தோடு சேரும், வினை நடக்கும், தண்ணீர் நிறம் மாறும். விளக்கை அணைத்தால் சுவர் இறுகும், வினை நின்றுவிடும். சிவப்பு விளக்கு மட்டும் அதைத் தொந்தரவு செய்யாது. அதனால்தான் உள்ளே சிவப்பு விளக்கு.

திறக்க வைப்பது சுலபம், நம் கூடத்திலேயே பலர் செய்துவிட்டார்கள். திறந்ததைத் திரும்ப மூட வைப்பதுதான் கஷ்டம். இரண்டு மூன்று தடவை ஒழுங்காக மூடும், பிறகு சுவர் தளர்ந்து ஒழுக ஆரம்பிக்கும். எத்தனை முறை திறந்தாலும் ஒழுங்காக மூடிக்கொள்கிற கூட்டைச் செய்வதற்குத்தான் இத்தனை வருடப் பாடு.

வெளிச்சம் பட்டு வீணாய்ப் போன கதைகள் நிறைய. ஒரு ஆயுத பூசைக்கு எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, "இருட்டறைய மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்கும்ப்பா" என்று யாரோ சொல்ல, கதவைத் திறந்து உள்ளேயும் சூடம் காட்டிவிட்டார்கள். மேசையில் ஒரு மாணவனின் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அந்த மாணவனே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். கண்ணைத் திறந்தபோது அத்தனை பாட்டிலும் நிறம் மாறியிருந்தது. அந்த வருடத்தோடு குங்குமம் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் என்று ஆனது.

இன்னொருவன் இருட்டறைக்குள் நின்று போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தான். திரை வெளிச்சத்திலேயே மூன்று மாத வேலை போயிற்று. "என்ன மாப்ள, எம்புட்டு ரன்னு?" என்று கேட்டே கூட்டாளிகள் அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தகர பிஸ்கட் டப்பா வந்தது. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் போனை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பேராசிரியரும் போடுவார். உதவியாளர் டப்பாவோடு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் எடுத்துப் பதில் சொல்வார். உள்ளே சொல்ல வேண்டியதாக இருந்தால் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியிலிருந்தே சொல்வார். இரண்டு தட்டு என்றால், திறக்காதே, காதை மட்டும் கொடு என்று அர்த்தம்.

அந்த டப்பாவைத்தான் இப்போது உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

முத்துப்பேச்சி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊர் கீழக்குயில்குடி. நாங்கள் பேச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய அப்பா சோலை, சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். கண்ணன் என்று ஒரு தம்பி. படிப்பு ஏறாமல் அவனும் அப்பாவோடு மூட்டைக்குப் போய்விட்டான். வீட்டில் படித்தது இவள் ஒருத்திதான்.

ஆயுத பூசைக்கு வீட்டு ஆட்களையும் கூட்டி வரலாம் என்பது நம் கூடத்து வழக்கம். ஒவ்வொரு வருடமும் சோலை வந்துவிடுவார். ஒரு பெரிய பை நிறையப் பொரி கொண்டு வருவார். முதல் தடவை வந்தபோது பேச்சி அவரை வெளி ஹாலில் உட்கார வைத்து, சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, ஒரு பாட்டிலுக்கு நீல விளக்கைப் போட்டுக் காட்டினாள். தண்ணீர் மெதுவாகச் சிவந்தது. விளக்கை அணைத்தாள். சிவப்பு மேலே ஏறாமல் அப்படியே நின்றது.

"அவ்வளவுதானாத்தா?"

"அவ்வளவுதாம்ப்பா. வெளிச்சம் பட்டா வேலை செய்யும். இருட்டாச்சுன்னா நின்னுரும்."

சோலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களாண்ணே, நம்ம மாதிரிக் கூலியாளுதான் உள்ள இருக்கான். பொழுது அடைஞ்சா துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிருவான் போல."

"இத வச்சு ஒடம்புக்குள்ள எங்க வலிக்குதோ அங்க மட்டும் மருந்து வேலை செய்யுற மாதிரி பண்ணலாம்ப்பா. மத்த எடத்துல சும்மா இருக்கும்."

"அப்படின்னா என் முதுகுல ஒரு லைட்ட அடி தாயி. அம்புட்டு மருந்தும் அங்கதான் வேணும்."

எல்லாரும் சிரித்தோம். போகும்போது இருட்டறைக் கதவுக்குக் குங்குமம் வைக்கட்டுமா என்று கேட்டார். கட்டைவிரலால் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். "இது உள்ள என்ன சாமி?" என்றார். அவரே "சரி, எதா இருந்தா என்ன, எம்புள்ளைய நல்லா வச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கதவுக்குப் பொட்டு வைப்பது அவர்தான். வேறு யாரையும் விட மாட்டோம்.

பேச்சி செய்த கூடுகள் மூடிக்கொண்டன. மற்றவர்களுடையது தளர்ந்து போன இடத்தையும் தாண்டி அவளுடையது மூடியது. கடைசியாக ஒரு சோதனை பாக்கி. ஒரே பாட்டிலை ஒரே மூச்சில் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக் காட்ட வேண்டும். நடுவில் விட்டால் கலவை கெட்டுவிடும். அந்தக் கூட்டைச் செய்கிற மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தது, தீர்ந்துவிட்டது. இருந்தது அந்த ஒரு பாட்டில். அவளுக்குக் கொடுத்திருந்த காலமும் அந்த மாதத்தோடு முடிகிறது. இதெல்லாம் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலையில் உள்ளே போகும்போது போனை டப்பாவில் போட்டுவிட்டு, "சாயங்காலம் வெளிய வாரேண்ணே. அதுவரைக்கும் யார் வந்தாலும் நான் செத்துப் போயிட்டேன்னு சொல்லிருங்க" என்று சிரித்தாள். "வாயக் கழுவும்மா" என்றேன்.

மதியம் மூன்றரை மணி தாண்டியிருக்கும். டப்பாவுக்குள் போன் அதிர்ந்தது. முதல் அதிர்விலேயே எடுத்துவிட்டேன். கண்ணன்.

"அக்காட்டக் குடுங்கண்ணே."

"அக்கா உள்ள இருக்குப்பா. என்ன விசயம்?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா மூட்டையோட விழுந்துட்டாருண்ணே. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். பேசுறாரு. ஆனா டாக்டர் முகமே சரியில்ல. பேச்சி எங்க, பேச்சி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காருண்ணே. வரச் சொல்லுங்கண்ணே."

பேராசிரியர் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவருக்கு நானாகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னேன். 

"வேலை எந்த இடத்துல இருக்கு பாண்டி?"

"முடியப் போகுதுன்னு நினைக்கிறேன்யா. சாயங்காலம் வந்துருவேன்னு காலையில சொல்லுச்சு."

"அப்ப அரை மணி, முக்கால் மணி. பாண்டி, இப்ப சொல்லாதீங்க. முடிச்சுட்டு வரட்டும். சொன்னா அப்படியே போட்டுட்டு ஓடிரும். அஞ்சு வருச உழைப்பு. திரும்பச் செய்ய அந்தப் பொண்ணுக்கு வழியில்லை. நான் சொன்னதா இருக்கட்டும். பழி என் மேல வரட்டும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சிக்காக எத்தனை பேரிடம் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அரை மணிதான். சோலை பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மேலே இருக்கிறவர் சொல்லிவிட்டார், பழியையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றுவிட்டார். நான் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் போதும். என்னைப் போல ஆளுக்கு, பேசாமல் இருப்பதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

கதவைப் பார்த்தேன். போன ஆயுத பூசைக்கு அவர் வைத்த பொட்டு காய்ந்துபோய் ஓரம் உதிர்ந்திருந்தது.

பேராசிரியருக்குப் பாட்டிலைத் தெரியும், வருடங்களைத் தெரியும். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் போன் அவளுடையது. அதில் வந்த செய்தியும் அவளுடையது. டப்பாவை வைத்திருக்கிறேன் என்பதற்காக அது என்னுடையதாகிவிடாது, பேராசிரியருடையதாகவும் ஆகாது.

இரண்டு தட்டுத் தட்டினேன்.

"சொல்லுங்கண்ணே."

"பேச்சிம்மா, கதவத் தெறக்காத. கேட்டுக்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க. கண்ணன் கூப்பிட்டாரு. உன்னையத்தான் கேக்குறாராம்."

 உள்ளே, விளக்கைக் குளிர வைக்கிற குட்டி விசிறியின் சத்தம் கேட்டது.

"பேசுறாராண்ணே?"

"பேசுறாராம்."

 பிறகு கதவுக்குப் பக்கத்தில், மிகவும் பக்கத்தில் அவள் குரல் கேட்டது. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். "இன்னும் ரெண்டு தடவதாண்ணே. அரை மணி. இருப்பாருல்ல?"

தம்பிகளே, தங்கைகளே, இப்படி ஒரு கேள்வி உங்களிடமும் ஒருநாள் வரும். இருப்பார் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு நிம்மதி. கிளம்பு என்று அதட்டினால் எனக்கு நிம்மதி. இரண்டும் என் வாய்வரைக்கும் வந்தன. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியலம்மா. கண்ணன் சொன்னதத்தான் சொல்லிட்டேன். டாக்டர் முகம் சரியில்லைன்னாரு. அதுக்கு மேல தெரியல. நீ போறதுன்னா இப்பவே ஆட்டோவ நிப்பாட்டுறேன்."

 பிறகு உள்ளே டக் என்று சுவிட்ச் விழுந்தது. நீல விளக்கைப் போட்டுவிட்டாள்.

நான் வாசலுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து மரத்தடியில் நிறுத்தினேன். திரும்பி வந்து, கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த அவள் செருப்பைத் திருப்பி வைத்தேன், வந்ததும் காலை நுழைத்துக்கொண்டு போகிற மாதிரி. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்காராமல் நின்றேன். உள்ளே சுவிட்ச் விழுந்தது. அணைந்தது. காத்திருந்தாள். மறுபடியும் விழுந்தது. கூடு மூடுவதற்கு அது எடுத்துக்கொள்கிற நேரத்தை யாராலும் அவசரப்படுத்த முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.  செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினாள். நானும் ஏறிக்கொண்டேன். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அவள் போன் என் கையில்தான் இருந்தது. அவளும் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

காளவாசலில் சிக்னல். அதைத் தாண்டி வந்து சிம்மக்கல்லில் லாரிகள் மறித்து நின்றன. மூட்டை இறக்குகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குறுக்கே போனார்கள். "ஏய், ஒதுங்குங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று ஆட்டோக்காரர் கத்தினார். அப்போது போன் அதிர்ந்தது. கண்ணன் பெயர் தெரிந்தது.

நானே எடுத்துக் கேட்டு, பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அல்லது எடுக்காமலே ஆஸ்பத்திரி வரை போயிருக்கலாம். ஆனால் மதியம் எதற்காகக் கதவைத் தட்டினேனோ அதே காரணத்துக்காக அந்தப் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் காதில் வைத்தாள்.  கேட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒருவர் பெரிய வெங்காய மூட்டையை முதுகில் வாங்கிக் குனிந்து நடந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணன் சுவரோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"நான் எத்தன மணிக்குக் கூப்பிட்டேன்? இங்கனருக்க நாகமலையில இருந்து வாரதுக்கு இம்புட்டு நேரமாக்கா?"

நான் முன்னால் போய் நின்றேன். அத்தனை பேர் பார்க்க நான் சத்தமாகப் பேசியது அன்றுதான். "அக்காவத் திட்டாதப்பா. எம்மேலதான் தப்பு. அது உள்ள வேலையா இருந்துச்சு. நான்தான் சொல்ல லேட்டாக்கிட்டேன்."

கண்ணன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். பிடிக்கட்டும் என்றுதான் நின்றேன். பழி என்மேல் இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் நல்லது.

பேச்சி அவன் கையைப் பிடித்து விலக்கினாள். "விடுடா. பொய் சொல்றாரு. அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு. நான்தான் முடிச்சுட்டு வந்தேன்."

கண்ணன் சட்டையை விட்டான். "சொல்லியுமா?" என்றான். அவ்வளவுதான். 

மறுநாள் கீழக்குயில்குடியில் சோலையை எடுத்தார்கள். பேராசிரியரும் வந்து மாலை போட்டார். எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது பேச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியோடு கண்ணன் அவள் முன்னால் நின்றான். குரலை உயர்த்தாமல், அக்கறையாக விசாரிக்கிறவன் போலக் கேட்டான்:

"உன் பாட்டிலு மூடிருச்சாக்கா?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பதில் சொன்னாளா என்று தெரியாது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

மூடியிருந்தது. கடைசித் தடவையும் முதல் தடவை போலவே ஒரு சொட்டு ஒழுகாமல் மூடியிருந்தது. அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அயலூரிலிருந்து வந்த பெரியவர்கள் கேள்வி கேட்டு, மிகவும் பாராட்டினார்கள். அன்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். என்னிடம் வந்தபோது தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, ஒன்னு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நீங்க அன்னைக்குச் சொல்லாம இருந்திருக்கலாம். சாயங்காலம் வெளிய வந்து தெரிஞ்சிருந்தா, ஆயுசுக்கும் உங்களத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்."

நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

ஆராய்ச்சிக்கு அவள் திரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது, போகவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டாள். பேராசிரியருக்கு அது பெரிய அடி. ஒருநாள் டீக்கடையில் அவராகப் பேச்சை எடுத்தார். "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல பாண்டி. ஆனா சொல்லாம இருந்திருந்தா அந்தப் பொண்ணு இன்னைக்கும் இங்க இருந்திருக்கும்." அது உண்மையாக இருக்கலாம். 

அப்படியென்றால் எங்களுக்கு என்னதான் சொல்ல வருகிறீர்கள் என்று கேட்பீர்கள். சொன்னால் நல்லது நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லையே. அவளுக்குப் பட்டம் கிடைத்தது, அப்பா முகம் கிடைக்கவில்லை, தம்பியும் இல்லாமல் போனான். ஆனால் அந்த அரை மணியை என்ன செய்வது என்று முடிவெடுக்க எனக்கோ பேராசிரியருக்கோ பாத்தியதை கிடையாது. அவள் எடுத்த முடிவு அவளை அறுக்கிறது. நாங்கள் எடுத்திருந்தால் அறுக்காமல் இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக அந்த முடிவை அவளிடமிருந்து திருடிக்கொள்ள முடியுமா?

இதை எழுதலாம் என்று தைரியம் வந்தது சமீபத்தில் நடந்த ஒன்றால்தான். நான் ஓய்வு பெறுவதற்கு முன் வந்த கடைசி ஆயுத பூசை. பொரி, சுண்டல், பாட்டு என்று கூடம் கலகலப்பாக இருந்தது. சோலை போன பிறகு அந்தக் கதவுக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. வாசலில் ஒருவன் பெரிய பை நிறையப் பொரியோடு தயங்கிக்கொண்டு நின்றான். தோள் அகன்று, அப்பா மாதிரியே கழுத்தில் துண்டு. கண்ணன்.

"வாப்பா" என்றேன். 

பையைக் கொடுத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். "அந்தப் பாட்டில் இன்னும் இருக்காண்ணே?"

அன்றைய பாட்டில் இல்லை. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன முறைப்படி பிறகு வந்த மாணவர்கள் செய்த கூடுகள் இருந்தன. அதைச் சொன்னேன். "பரவால்லண்ணே" என்றான். ஒரு மாணவனிடம் கேட்டு ஒன்றை எடுத்து வந்து வெளி ஹாலில் வைத்து, சன்னல்களைச் சாத்திவிட்டு நீல விளக்கைப் போட்டேன். தண்ணீர் மெதுவாகச் சிவந்தது. அணைத்தேன். நின்றது.

கண்ணன் குனிந்து பாட்டில் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தான்.

"திரும்பத் தெறக்குமா?"

"தெறக்கும்."

"எத்தன தடவண்ணே?"

"உங்க அக்கா பாத்த வரைக்கும், எத்தன தடவ தெறந்தாலும் மூடிருச்சு."

இன்னொரு தடவை காட்டச் சொன்னான். காட்டினேன். இன்னொரு தடவை. காட்டினேன். பாட்டிலை வைத்த பிறகு எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்தினான். பிறகு கேட்டுவிட்டான். "அன்னைக்கு நான் கூப்பிட்டப்ப அக்கா போனு எங்கண்ணே இருந்துச்சு?"

தகர டப்பாவைக் காட்டினேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். அன்று உள்ளே யாரும் இல்லாததால் காலியாக இருந்தது.

"அடிச்ச ஒடனே எடுத்தீங்களா?"

"மொத அடிக்கே எடுத்துட்டேன்ப்பா."

"ஒடனே சொன்னீங்களா?"

"பேராசிரியர்ட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அப்புறம் கதவத் தட்டிட்டேன்."

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"அரை மணி இருப்பாருல்லன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியலன்னேன்."

டப்பாவின் மூடியை அவன் மெதுவாக அழுத்தி மூடினான். "எனக்கும் தெரியலண்ணே. டாக்டரு வெளிய வந்து சொல்ற வரைக்கும் அப்பா பொழச்சுக்குவாருன்னுதான் நானும் நெனச்சேன். டீ குடிக்கக்கூடப் போனேன்" என்றான்.

பிறகு குங்குமக் கிண்ணத்தை எடுத்து இருட்டறைக் கதவில், அப்பா வைக்கிற அதே உயரத்தில், கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்தான். கிளம்பும்போது, "நான் வந்தத அக்காட்டச் சொல்லாதீங்கண்ணே" என்றான்.

நான் தலையை ஆட்டவில்லை. அவன் அதைக் கவனித்தானா தெரியாது. படி இறங்கிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சிக்குப் போன் போட்டேன். இன்னொரு தடவை ஒருவர் என்னிடம் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இன்னொரு தடவை செய்தி அவளுடையது.

"கண்ணன் வந்தாரும்மா. பொரி கொண்டாந்தாரு. கதவுக்குப் பொட்டு வச்சாரு. பாட்டிலத் தெறந்து மூடிக் காட்டச் சொன்னாரு, காட்டினேன். உன்கிட்டச் சொல்ல வேணாம்னாரு."

அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் ஏதோ கதவைச் சாத்தினாள், அந்தச் சத்தம் நின்றது.

"மூடுனதப் பாத்தானாண்ணே?"

"மூணு தடவ பாத்தாரும்மா."

 அழுதாள். எனக்குத்தான் பேச வராதே. அவள் மூக்கை உறிஞ்சுவது, அன்று கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தது. அவளாக வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.